பிள்ளைகளின் உடுப்பும் தாயின் ஓய்வும்

தூய்மையை ஈமானின் சரிபாதியாக வைத்துப் போற்றும் மார்க்கம் நம்முடையது. ஆடையைத் தூய்மையாக்கிக் கொள்ளுமாறு பணிக்கும் இறைவசனம், நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு வஹீ வரத் தொடங்கிய ஆரம்ப நாட்களிலேயே அருளப்பெற்றது. திருக்குர்ஆனின் 74-ஆவது அத்தியாயமாகிய ‘முத்தஸ்ஸிர்’ சூராவின் தொடக்கத்தில் அக்கட்டளையைக் காணலாம். தொழுகைக்கு நிற்பவனின் உடலும், உடையும், நிற்கும் இடமும் தூய்மையாயிருத்தல் வேண்டும் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும்.

ஆனால், அன்பிற்குரிய வாசகர்களே, இந்தக் கட்டளையை நம் இல்லங்களில் உண்மையாகச் சுமப்பவர் யார் என்று எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? ஐந்தாறு மக்களைப் பெற்ற வீட்டில், ஒவ்வொருவர் உடுப்பும் தூயதாக இருப்பதற்காகத் துவைகல்லின் முன் நாள்தோறும் குனிந்து நிற்கும் தாய்தான் அதைச் சுமக்கிறாள். பஜ்ருத் தொழுகைக்குப் பின் ஊற வைத்த துணி, ளுஹருக்குப் பாங்கு சொல்லும்போதும் முடிந்தபாடில்லை. அஸருக்குப் பின் கொடியிலிருந்து எடுத்து மடிக்க உட்கார்ந்தால் மஃரிபு வந்துவிடுகிறது. அதற்குள் மூலையில் அடுத்த குவியல் சேர்ந்து விடுகிறது.

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட பனமலைப் பகுதியில் வாழ்வோருக்கு இத்துன்பத்தின் இன்னொரு முகமும் தெரியும். பனமலை ஏரி பெரிய ஏரி. திருவண்ணாமலைப் பக்கத்துக் கீரனூரில் துரிஞ்சலாற்றிலிருந்து பிரியும் நந்தன் கால்வாய், வழியிலுள்ள பல ஏரிகளைத் தொட்டுக்கொண்டு வந்து இறுதியில் சேர வேண்டிய இடம் இதுவே. வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்த ஆண்டில், ஐப்பசி, கார்த்திகையில் நீருக்குக் குறைவிராது. துணியை உலர்த்த வெயில்தான் கிடைக்காது. சித்திரை, வைகாசியில் வெயிலுக்குக் குறைவில்லை. துவைக்கத்தான் நீர் இராது. ஆழ்குழாய்க் கிணறும் தெருக்குழாயும் வந்த பின்னரும் கோடையில் குடத்தை எண்ணித்தான் நீர் செலவிட வேண்டியிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, நம் மாவட்டத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை கொட்டியது. அத்தகைய நாட்களில் வீட்டினுள் கயிறு கட்டித் துணி உலர்த்திய தாய்மார்களுக்கு, ஈரத்துணியின் நாற்றமும் குழந்தைகளின் சளியும் எப்படிச் சேர்ந்தே வரும் என்பதை எவரும் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரமாக இன்னும் நான்கு உடுப்பு வாங்குவதே நம்மவர் வழக்கம். துணி உலரவில்லை, ஆகவே மாற்றுத்துணி வேண்டும் என்கிறோம். அந்த மாற்றுத்துணியும் அழுக்காகும், அதையும் அவளே துவைக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். பரிகாரம் மறுபுறத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் உடுப்பைக் குறையுங்கள். துவைக்கும் பாரம் தானே குறையும்.

இதென்ன விந்தை, உடுப்பு குறைந்தால் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்குமே என்பீர்கள். சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆறு பிள்ளைகள் உள்ள வீடு. பள்ளிக்கு ஓர் உடுப்பு, மாலையில் வந்ததும் ஓர் உடுப்பு, இரவுக்கு வேறோர் உடுப்பு. நாளொன்றுக்கு 18 உடுப்புகள்; மேலொன்று கீழொன்றாகப் பிரித்தால் 36 துணிகள். பள்ளி நடைபெறும் ஐந்து நாட்களில் 180 துணிகள். இவற்றுள் பல ஓரிரு மணி நேரம் உடுத்திக் கழற்றியவை. அலமாரி நிறைய உடுப்பு இருப்பதனால், பிள்ளை கழற்றியதை மீண்டும் எடுப்பதில்லை. மேலாக இருக்கும் புதியதை உருவி எடுக்கிறது. எடுக்கும்போது கீழே சரிந்த நான்கும் அழுக்குத் துணியோடு சேர்ந்து விடுகின்றன. அவற்றையும் தாய் துவைக்கிறாள்!

அதே பிள்ளைகளுக்கு வீட்டுடை மும்மூன்றே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் உடுத்தியதையே இரவிலும் உடுத்துவார்கள்; கறை படாதிருந்தால் ஆணியில் மாட்டி மறுநாளும் உடுத்துவார்கள். பள்ளியுடை நாள்தோறும் ஆறு. வீட்டுடை சராசரியாக மூன்று. ஆக ஒன்பது உடுப்புகள், 18 துணிகள். பாதியாகிவிட்டது. துவைப்பதில் மட்டுமன்று, அலசுவதில், பிழிவதில், உலர்த்துவதில், மடிப்பதில், இது யாருடையது என்று தேடுவதில், ஒவ்வொன்றிலும் பாதி. குவியல் சேராமையால் கறையும் ஊறிப்போவதில்லை. அன்றன்று பட்ட குழம்புக் கறைக்கும், ஐந்து நாள் காய்ந்து கிடந்த குழம்புக் கறைக்கும் எவ்வளவு சவுக்காரம் தேய்க்க வேண்டும் என்பதைத் துவைப்பவரிடம் கேட்டறியுங்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைந்தாக வேண்டும். ஒருமுறை உடுத்திய துணியில் தொழுதல் ஆகாது என்று கருதும் தாய்மார்கள் நம்மிடையே பலர் உளர். வியர்வை நஜீஸ் அன்று. புழுதி நஜீஸ் அன்று. தூய்மையாக இருந்த ஒரு துணி, அதில் நஜீஸ் பட்டது என்று உறுதியாகத் தெரியும் வரை தூய்மையானதே. வெறும் ஐயம் உறுதியைப் போக்காது என்பது மார்க்கச் சட்ட மேதைகள் யாவரும் ஒப்பிய விதி. வியர்வை நாறினால் துவைப்பது நல்லொழுக்கம். அதை மறுப்பார் இல்லை. ஆயினும் ஒரு மணி நேரம் ஓதும் பள்ளிக்கு அணிந்து சென்று வந்த சட்டையை அன்றே தொட்டியில் போட வேண்டும் என்பது எந்த மத்ஹபிலும் இல்லாத சட்டம். நாமே விதித்துக்கொண்ட இச்சட்டத்தின் சுமையை மட்டும் தாய் சுமக்கிறாள்.

நபித்தோழர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரே துணியை உடுத்தித் தொழலாமா என்று ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, உங்களில் ஒவ்வொருவரிடமும் இரண்டு துணிகளா இருக்கின்றன என்று திருப்பிக் கேட்டார்கள் என அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது.

துணி துவைத்தலைப் பற்றியே ஒரு வரலாறு உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஷாம் நாட்டு ஹிம்ஸ் நகருக்கு ஸஈத் இப்னு ஆமிர் (ரலி) என்ற நபித்தோழரை ஆளுநராக நியமித்தார்கள். பின்னர் உமர் (ரலி) அங்கு வந்தபோது, மக்கள் தங்கள் ஆளுநர் மீது நான்கு குறைகளைக் கூறினர். அவற்றுள் ஒன்று, மாதத்தில் ஒருநாள் அவர் எங்கள் முன் வருவதேயில்லை என்பது. ஆளுநரை அழைத்து விளக்கம் கேட்டார்கள். துணி துவைத்துத் தர என்னிடம் பணியாள் இல்லை. உடுத்தியிருக்கும் இதைத் தவிர வேறு துணியும் இல்லை. ஆகவே இதைத் துவைத்து, உலரும் வரை காத்திருந்து, பகலின் இறுதியில் வெளியே வருகிறேன் என்றார் அவர். தமது கணிப்பு பொய்க்கவில்லை என்று உமர் (ரலி) இறைவனைப் புகழ்ந்தார்கள். பின்னர் ஆயிரம் தீனார்களை அவருக்கு அனுப்பி வைத்தார்கள். அவரோ அதையும் ஏழை எளியோர்க்கும் அநாதைகளுக்கும் பங்கிட்டுவிட்டார்.

இந்நிகழ்ச்சியை எளிமைக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் கூறக் கேட்டிருப்பீர்கள். மேடையில் கூறுவோர் விட்டுவிடும் பகுதி ஒன்றுண்டு. ஒரு நகரத்தின் ஆளுநர் தம் துணியைத் தாமே துவைத்தார்! வீட்டில் மனைவி இருந்தும் அதை அவர் மீது சுமத்தவில்லை. நாம் எளிமையைப் பற்றிப் பேசுகிறோம். நம் சட்டையையோ அவள் துவைத்துப் பெட்டி போட்டு வைக்க வேண்டும் என்கிறோம்.

எனினும் ஒரே உடையோடு நம் மக்களை நிறுத்துங்கள் என்று நாம் கூற வரவில்லை. அது அவர்களது காலத்து வறுமையும், அவர்கள் விரும்பி ஏற்ற துறவும் ஆகும். அழுக்கான உடை உடுத்திய ஒருவரைக் கண்டு, துணி துவைத்துக்கொள்ள இவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. தான் அளித்த அருட்கொடையின் அடையாளம் அடியானிடம் தெரிவதை அல்லாஹ் விரும்புகிறான் என்பதும் அவர்கள் போதித்ததே. வேலைக்குரிய உடை நீங்கலாக ஜும்ஆவுக்கென்று தனியே ஓர் இணை உடை வைத்துக்கொள்ளுமாறு ஊக்குவித்ததும் அவர்களே. வேலைக்கொன்று, வெள்ளிக்கொன்று. எவ்வளவு தெளிவான பகுப்பு! நம் பிள்ளைகளின் அலமாரியை ஒழுங்கு செய்ய இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைக்காது.

அப்படியானால் எத்தனை போதும்? பள்ளியுடையைப் பொறுத்தவரை அரசே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சத்துணவு உண்ணும் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவ மாணவியர்க்குத் தமிழக அரசு 2012-13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகளை வழங்கத் தொடங்கியது. ஐந்து நாள் பள்ளிக்கு நான்கு இணை தாராளம், மூன்றிலும் சமாளிக்கலாம். வீட்டுக்கு மூன்று. வெள்ளிக்கிழமைக்கும் விருந்துக்கும் பெருநாளுக்கும் சேர்த்து ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தொழுகைக்குப் பெண்பிள்ளைக்கு ஒரு முக்காட்டுத் துணி தனியே. இதற்கு மேல் உள்ளவை, உண்மையில் பிள்ளை உடுத்தாதவை, அலமாரிதான் உடுத்திக்கொண்டிருக்கிறது.

இரு சாராரை இக்கணக்கில் சேர்க்கலாகாது. கைக்குழந்தைக்குத் துணியை எண்ணி வைக்க இயலாது. அது எத்தனை முறை நனைக்கும் என்பது அதற்கே தெரியாது. பருவமெய்திய பெண்மக்களுக்கும் உடுப்பில் கட்டுப்பாடு விதிப்பது முறையன்று. அவர்களுக்கு வேண்டியதைத் தாயும் மகளும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். தந்தை அதில் தலையிடாதிருப்பதே நலம்.

வாங்கும்போதும் சிறிது கருத்து வேண்டும். சாயம் போகும் சிவப்பும் கருநீலமும் ஒவ்வொன்றையும் தனித்தனியே துவைக்கச் சொல்லும். ஒருநிற வெளிர் உடுப்புகளோ, சாயம் போகாத நடுத்தர நிறங்களோ ஒரே தொட்டியில் போய்விடும். ஜரிகையும் மணியும் தைத்த சட்டைகளைக் கையால்தான் அலச வேண்டும். அடுத்தடுத்த வயதுடைய இரு சகோதரர்களுக்கு ஒரே வகைத் துணியெடுத்து, இன்னாருடையது என்று அறியக் காலர் உட்புறம் வேறு வேறு நிற நூலால் ஒரு தையல் போட்டு வையுங்கள்; மடிக்கும் வேளையில் வரும் சச்சரவு ஓயும்.

துவைக்கும் இயந்திரம் வாங்கிவிட்டோம், இனி எமக்கென்ன என்று சிலர் கூறக்கூடும். இயந்திரம் துவைக்கும், கொடியில் போடாது, மடிக்காது, சேர்க்காது. குவியல் பெரிதானால் இயந்திரமும் இருமுறை ஓடும், நீரும் இருமடங்காகும். மேலும் மார்க்க வகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. தொட்டியிலோ வாளியிலோ தேங்கிய சிறிதளவு நீரில் நஜீஸ் பட்ட ஒரு துணி விழுந்தால், அந்நீரும் அதில் கிடக்கும் ஏனைய துணிகளும் நஜீஸாகிவிடும். பாதி தானியங்கி இயந்திரங்களில் ஒரே சவுக்கார நீரில் இரண்டு மூன்று தடவை துணி போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அங்கே இத்தவறு எளிதில் நேரும். ஆகவே சிறுநீர் பட்ட துணியை முதலில் குழாயடியில் நீர் ஊற்றிக் கழுவி, நஜீஸை அகற்றிய பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தோர் மும்முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிந்துவிடுவர். ஷாஃபி மத்ஹபில், நஜீஸின் தன்மை நீங்கும்படி அதன்மீது நீர் ஓடினால் போதும். தாய்ப்பால் தவிர வேறுணவு உண்ணத் தொடங்காத ஆண்குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தில் நீர் தெளித்தாலே போதும் என்ற சலுகையும் ஷாஃபி மத்ஹபில் இருக்கிறது. உம்மு கைஸ் (ரலி) என்ற பெண்மணியின் குழந்தை பெருமானாரின் ஆடையில் சிறுநீர் கழித்தபோது அவர்கள் நீர் வரவழைத்துத் தெளித்துக்கொண்ட நிகழ்ச்சியே அதற்கு ஆதாரம். இத்தகைய கவனம், பத்துத் துணி உள்ள தொட்டியில் சாத்தியம். ஐம்பது துணிகளைத் திணித்த தொட்டியில் எது நனைந்தது, எது நனையாதது என்று யார் பார்ப்பது? துணி பெருகியதால் தூய்மை பெருகவில்லை, ஐயமே பெருகியது.

உடுப்பைக் குறைக்க முற்படும்போது எழும் முதல் எதிர்ப்பு உறவினரிடமிருந்து வரும். போன கல்யாணத்துக்கு உடுத்திய அதே சட்டைதானே என்பார் ஒரு மாமி. தாயில்லாப் பிள்ளைகளைப் போல் விட்டிருக்கிறாளே என்பார் மற்றொருவர். இப்படிப் பேசுவோர் யாரும் மறுநாள் வந்து ஒரு வாளித் துணி அலசித் தரப்போவதில்லை. வீண்செலவு செய்வோரை ஷைத்தானின் உடன்பிறப்புகள் என்று திருமறையின் 17-ஆவது அத்தியாயம் கண்டிக்கிறது. பிறர் நாவுக்கு அஞ்சி வாங்கிய உடுப்பு, பணத்தை மட்டுமா வீணாக்குகிறது? ஒரு பெண்ணின் முழங்காலையும் இடுப்பையும் வீணாக்குகிறது.

அவளோடு சேர்ந்து தேய்பவள் மூத்த மகள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண், மாலையில் பாடப்புத்தகத்தை எடுக்கும் முன் கொடித் துணியை எடுக்கிறாள். தம்பியின் கால்சட்டையும் தங்கையின் பாவாடையும் மடித்து முடிப்பதற்குள் கண் சொக்கிவிடுகிறது. அவளுக்கு நேர் இளையவனான மகனோ தெருவில் பந்தடித்துக் கொண்டிருக்கிறான். கல்வியைத் தேடுதல் கடமை என்று வெள்ளிதோறும் கேட்கும் நாம், நம் வீட்டுப் பெண்ணின் ஒரு மணி நேரத்தைச் சட்டைக் குவியலுக்கு இரையாக்குவது தகுமா? பத்து வயது நிரம்பிய ஆண்பிள்ளை தன் பனியனையும் கைலியையும் தானே அலசிப் போடலாம். மூன்றே உடுப்பு உடையவனால் அது இயலும். பதினைந்து உடையவனிடம் சொல்லிப் பயனில்லை.

தந்தைமார்களுக்கும் ஒரு சொல். பெருமானார் (ஸல்) வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குச் சென்றுவிடுவார்கள் என்று அன்னையார் விடையளித்தார்கள். தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாகவும் செய்திகள் உள்ளன. இதைக் கேட்டு நெகிழ்பவர்களுள் எத்தனை பேர் ஈரத்துணி வாளியைக் கொடி வரை தூக்கிச் சென்றிருக்கிறோம்?

இதற்கு மறுமொழியாக அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் வரலாற்றை எடுத்து வருவோர் உண்டு. திரிகை அரைத்துக் கை காய்த்துப்போன அவர்கள், பணியாள் ஒருவர் வேண்டித் தந்தையாரிடம் சென்றார்கள். பெருமானாரோ, உறங்கும் முன் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 ஓதுமாறு கற்றுத் தந்தார்கள். ஆகவே பெண்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடித்துவிடுகிறார்கள். மகளைச் சந்திக்க இயலாது போனதை அறிந்ததும், அவ்விரவே பெருமானார் (ஸல்) மகளின் வீடு தேடி வந்து, அவரருகே அமர்ந்து பேசினார்கள் என்ற பகுதியையும் அவர்கள் சேர்த்துச் சொல்லட்டும். கை காய்த்ததைப் பொருட்படுத்தாமல் இன்னும் ஒரு மூட்டை கோதுமையை யாரும் அந்தத் திரிகையருகே கொண்டு போய் வைக்கவில்லை. நாமோ பெருநாள்தோறும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மிகுதியானவற்றை என்ன செய்வது? கிழிந்ததையும் சாயம் போனதையும் பொறுக்கி ஏழைக்கு என்று கட்டி வைப்பது தருமமாகாது. கண்ணை மூடிக்கொண்டாலன்றி நீங்களே வாங்க மாட்டாத மட்டமான பொருளைப் பிறருக்குக் கொடுக்க நாடாதீர்கள் என்று பகரா சூராவின் 267-ஆவது வசனம் தடுக்கிறது. கிழிந்தவை வீட்டுக்குக் கரித்துணியாகட்டும். பொத்தானெல்லாம் சரியாக இருந்து, துவைத்து மடித்து, இன்ன வயதுப் பிள்ளைக்கு ஆகும் என்று பார்த்துத் தரத்தக்கவற்றையே கொடுங்கள். வளர்கிற பிள்ளையின் உடுப்பு அலமாரியில் காத்திருந்தால் யாருக்கும் ஆகாமல் போகும். இன்று கொடுத்தால் இன்றே ஒரு பிள்ளை உடுத்தும். அடுத்த பிள்ளைக்கு ஆகும் என்று எடுத்து வைப்பதானால், ஒரே ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு வையுங்கள். பெட்டி நிறைந்த பிறகு உள்ளே ஒன்று போக வேண்டுமானால் ஒன்று வெளியே வந்தாக வேண்டும்.

இதைச் செய்ய ஷஃபான் மாதம் ஏற்றது. ரமளானுக்கு முன் வீட்டை ஒழுங்கு செய்யும்போதே பிள்ளைகளையும் உடன் அமர்த்தி, எதை வைத்துக்கொள்வது என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். தாய் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அழுவார்கள். தாமே தேர்ந்தெடுத்ததை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நோன்பு நாட்களில், ஸஹருக்கு எழுந்து, பகலெல்லாம் பசித்திருந்து, இஃப்தாருக்கும் சமைத்து நிற்கும் தாய்க்குத் துவைகல்லருகே இருக்கும் நேரம் பாதியானால், தராவீஹுக்கு நிற்கக் காலில் சற்று வலுவிருக்கும்.

பெருநாளுக்குப் பிள்ளைக்கு ஓர் உடுப்பு எடுங்கள், அது போதும். அன்று மட்டும் உடுத்தி மடித்து வைக்கும் பகட்டு உடையாக அன்றி, அடுத்த வெள்ளியன்றே ஜும்ஆவுக்கு அணியக்கூடிய பருத்தி உடுப்பாகப் பார்த்து எடுங்கள். அதை வாரந்தோறும் உடுத்தட்டும். பெட்டியில் பூட்டி வைத்தால், ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் பிள்ளையின் கை சட்டைக் கையைத் தாண்டி வளர்ந்திருக்கும்.